சொட்டுநீர் மானியமும் இலவச கரண்டும்: கேள்வி பதில்

தேனி வாசகர்: சொட்டுநீர் போட மானியம் எவ்வளவு?

தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75. வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள். எத்தனை ஏக்கர் பாய்ச்சப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுக் குழாய் போடுங்கள்.

ஈரோட்டு விவசாயி: சொட்டுநீர் போட்டால் கிணற்றில் தண்ணீர் மிஞ்சுமா?

நல்ல கேள்வி. ஏக்கருக்குப் பாய்ச்சும் அளவு குறையும், அதில் சந்தேகமில்லை. ஆனால் 2 ஏக்கர் வாழைக்கு ஓடிய மோட்டார், மிச்சத்தைப் பார்த்ததும் 3 ஏக்கருக்கு ஓடத் தொடங்கும். கரண்ட் இலவசம் என்பதால் மோட்டார் ஓடும் நேரம் குறையாது. இன்னொன்று, வாய்க்காலில் பாய்ச்சும்போது வீணாவதாக நாம் நினைக்கும் தண்ணீரில் ஒரு பங்கு மண்ணில் இறங்கிக் கிணற்றுக்கே திரும்பும். சொட்டுநீரில் அது குறைவு. மானியம் மகசூலைக் கூட்டும். நிலத்தடி நீரைக் காப்பாற்றும் என்று அதை மட்டும் நம்பாதீர்கள்.

மதுரை வாசகர்: மானியம் எத்தனை சதவீதம்?

முதல் பதில்.

ஈரோட்டு விவசாயி: அப்போ இலவச கரண்டை நிறுத்தணும், அதானே?

நான் அப்படிச் சொல்லவில்லை. கரண்ட் கட்டணத்துக்காகப் போராடிய விவசாயிகள் 1970-இல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் இறந்த மாநிலம் இது. விலை வைத்தால் போதும் என்று மேசையில் உட்கார்ந்து எழுதுவது சுலபம். பஞ்சாப் 2018-இல் வேறு வழி பார்த்தது. விரும்பிச் சேர்ந்த விவசாயியின் பம்புக்கு மீட்டர் வைத்து, இத்தனை யூனிட் என்று அளவு குறித்தார்கள். அதற்குக் கீழே மிச்சப்படுத்திய ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் அவர் கணக்கில் விழும். கூடுதலாக ஓடினால் அபராதம் இல்லை. அளவைத் தாராளமாகக் குறித்துவிட்டால் ஒன்றும் மிச்சப்படுத்தாதவருக்கும் காசு போகும், அதுதான் இதில் ஓட்டை.

ஈரோட்டு விவசாயி: இன்னிக்கு மீட்டர், நாளைக்கு பில். பார்க்காததா?

பயம் நியாயமானது. பில் வராது என்று அரசாணையிலேயே எழுதச் சொல்லிக் கேளுங்கள். ஆனால் மீட்டரே இல்லாமல் எவ்வளவு மிச்சமானது என்று யாருக்குக் காசு கொடுப்பது?

சென்னை வாசகர்: அபார்ட்மெண்டில் லாரித் தண்ணீர்ச் செலவைச் சமமாகப் பிரிக்கிறோம். சரியா?

சரியில்லை. வீட்டுக்கு ஒரு மீட்டர் வையுங்கள்.

சேலம் வாசகர்: சொட்டுநீருக்கு மானியம் உண்டா?

ஐயா, மேலே இரண்டு முறை வந்தாயிற்று. ஏக்கரை முடிவு செய்துவிட்டீர்களா?

ஈரோட்டு விவசாயி: 4 ரூபாய் பத்தாது. ஒரு ஏக்கர் வாழையை விட்டுக்கொடுக்க யார் வருவா?

அதைக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும். உங்கள் மோட்டார் எத்தனை ஹெச்.பி., ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது?