பெங்குவின் எண்ணும் பெண்ணை எங்கே சேர்ப்பது?

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், அம்மா. மருத்துவத்துக்கு வேண்டிய மதிப்பெண்ணை மகள் எட்டவில்லை. கடன் வாங்கியாவது வெளிநாட்டில் மருத்துவம் சேர்த்துவிடலாம் என்று அவளுடைய பெரியப்பா ஒற்றைக்காலில் நிற்கிறார். அவளோ பனிக்கண்டம், பெங்குவின் என்று ராத்திரி ஒரு மணிவரை கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். "இது எங்கே கொண்டுபோய் விடும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் பயப்படாதீர்கள். தேர்வு முடிவு வந்த வீடுகளில் பலவற்றில் இப்போது இதே பேச்சுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆறுதல் இத்தோடு போதும். அந்தக் கடனை வாங்காதீர்கள்.

மருத்துவம் மட்டமான படிப்பு என்பதால் சொல்லவில்லை. ஊசி போடுவதைப் பார்த்தாலே அவளுக்குத் தலை சுற்றும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போவது நீங்கள். ஆறு வருடம் உட்கார்ந்து படிக்கவேண்டியது அவள். "எங்கள் வீட்டில் ஒரு டாக்டர்" என்று சொல்லிக்கொள்ளும் பெருமை மட்டும்தான் பெரியப்பாவுக்கு. அவர் பாசத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பாசம் தவணை கட்டாது.

கடிதத்தோடு அவளுடைய நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தீர்களே, "இப்படித்தான் நேரத்தை வீணாக்குகிறாள்" என்று? அந்தப் பக்கத்தைத்தான் நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 'பெங்குவின் வாட்ச்' என்ற திட்டம் 2014இல் தொடங்கியது. அண்டார்க்டிகாவில் நட்டுவைத்த தானியங்கிக் கேமராக்கள் எடுக்கும் படங்களில் பெரிய பறவை எத்தனை, குஞ்சு எத்தனை, முட்டை எத்தனை என்று உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் குறித்துக்கொடுக்கிறார்கள். உங்கள் மகள் செய்துகொண்டிருப்பது அந்த வேலை. தளத்தில் குறித்தது போதாதென்று நோட்டிலும் தனியாகக் கோடு போட்டு எழுதிவைத்திருக்கிறாள். நான்கு பத்தி: பெரியது, குஞ்சு, முட்டை, தெரியவில்லை. ஒரு படத்துக்கு எதிரே, "தாயின் வயிற்றுக்குக் கீழே சாம்பல் நிறமாக ஏதோ இருக்கிறது, குஞ்சா நிழலா?" என்று பொடி எழுத்தில் குறிப்பு. நான்காவது பத்தியை அவளிடம் யாரும் கேட்கவில்லை. தெரியாததைத் தெரியவில்லை என்று எழுதிவைக்கும் பழக்கத்தை ஆய்வு மாணவர்களுக்கே சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கிறது. உங்கள் பெண்ணுக்கு அது தானாக வந்திருக்கிறது.

மருத்துவம், பொறியியல், கணினி, கணக்குத் தணிக்கை, இவற்றைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அவற்றின் வாசல் எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். உங்கள் வீட்டில் யாரும் எட்டிப்பார்க்காத ஒரு வாசலைப் பற்றித்தான் சொல்லவேண்டும். துருவங்களில் வாழும் உயிர்களுக்கு என்ன நேர்கிறது என்பதை, பெரும்பாலும் பனியில் கால் வைக்காமலே, செயற்கைக்கோள் படத்தையும் புள்ளியியலையும் வைத்துக் கண்டுபிடிக்கும் வேலை அது.

எம்பெரர் பெங்குவினை எடுத்துக்கொள்ளுங்கள். அண்டார்க்டிகாவின் கடுங்குளிர் காலத்தில், கரையோடு உறைந்து ஒட்டியிருக்கும் கடல் பனியின்மேல் அது முட்டையிடும். ஆண் பறவை இரண்டு மாதத்துக்கு மேல் இரையில்லாமல் காலின்மேல் முட்டையை வைத்துக்கொண்டு நிற்கும். குஞ்சுக்குத் தண்ணீர் ஒட்டாத இறகு முளைக்க டிசம்பர் வரை ஆகும். அதுவரை காலுக்குக் கீழே பனி உடையாமல் இருக்கவேண்டும். 2022இல் பெல்லிங்ஸ்ஹவுசன் கடல் பகுதியில் பனி முன்கூட்டியே உடைந்தது. அங்கே இருந்த ஐந்து கூட்டங்களில் நான்கில் அந்த ஆண்டுக் குஞ்சுகள் ஒன்றுகூடப் பிழைத்திருக்க வாய்ப்பில்லை என்று 2023இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதே 2023இல் அண்டார்க்டிகாவைச் சுற்றிய குளிர்காலக் கடல் பனி, 1979இல் செயற்கைக்கோள் பதிவு தொடங்கியதிலிருந்து காணாத அளவுக்குச் சுருங்கியது.

அந்தக் குஞ்சுகள் போனதை நேரில் பார்த்தவர் யாரும் இல்லை. மேலிருந்து எடுத்த படத்தில் வெள்ளைப் பனிமேல் ஒரு பழுப்புக் கறை இருந்தது. டிசம்பருக்கு முன்பே கறையும் இல்லை, அதைத் தாங்கிய பனியும் இல்லை. கறை என்பது பறவைகள் இட்ட எச்சம். சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி தரையில் பத்து மீட்டர் அகலம். ஒரு மீட்டர் உயரப் பறவை அதில் எப்படித் தெரியும்? பறவை தெரியாது, அது வாழ்ந்த தடம் தெரியும். எம்பெரர் கூட்டங்களை இப்படி வானிலிருந்து தேடிப் பிடிக்கலாம் என்று 2009இல்தான் காட்டினார்கள். ஏறக்குறைய உங்கள் மகளின் வயதுதான் இந்தத் துறைக்கு.

இனிமேல்தான் இதில் சிக்கலே இருக்கிறது. குளிர் கூடினால் பெங்குவின்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும், வெயில் வந்தால் பரவி நிற்கும். அதே ஆயிரம் பறவை இன்றைக்குச் சின்னத் திட்டாகத் தெரியும், நாளைக்குப் பெரிய திட்டாகத் தெரியும். அப்படியென்றால் திட்டின் பரப்பை வைத்து எண்ணிக்கையை எப்படிச் சொல்வது? காற்று, வெப்பம், படம் எடுத்த தேதி எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்து, "இத்தனை இருக்கலாம், இவ்வளவு பிழைக்கு இடமுண்டு" என்று சொல்லவேண்டும். புள்ளியியல் உள்ளே வருகிற இடம் இதுதான். உங்கள் மகளின் நான்காவது பத்திக்கும் இங்கேதான் வேலை.

டேஞ்சர் தீவுகள் என்று அண்டார்க்டிக் தீபகற்பத்தின் முனையில் ஒரு தீவுக்கூட்டம் இருக்கிறது. கப்பல் எளிதில் நெருங்க முடியாத பனி. லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களில் எச்சக் கறை பெரிதாகத் தெரிவதைப் பார்த்து 2015இல் ஒரு குழு போயிற்று. ஆளில்லா விமானத்தில் படமெடுத்து, கணினிக்கு எண்ணக் கற்றுக்கொடுத்து, கையாலும் சரிபார்த்தார்கள். ஏழரை லட்சம் ஜோடி அடேலி பெங்குவின்! 2018இல் கணக்கு வெளியானது. அதே தீபகற்பத்தின் மேற்குப் பக்கம் அமெரிக்காவின் பாமர் ஆய்வு நிலையத்தைச் சுற்றி, 1970களில் இருந்த அடேலி கூட்டங்களில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. பனியை அவ்வளவாக நம்பியிராத ஜென்டூ பெங்குவின்கள் அங்கே பெருகி வருகின்றன. ஒரே நிலத்தின் இரண்டு பக்கத்திலும் இரண்டு கதை. "துருவம் சூடாகிறது, எல்லாம் அழிகிறது" என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. எது குறைகிறது, எது கூடுகிறது, எது இடம் மாறுகிறது என்று ஒவ்வொன்றையும் எண்ணித்தான் சொல்லவேண்டும்.

உணவுச் சங்கிலியில் கீழே போனால் கிரில். இறால் போலிருக்கும் இந்தச் சிற்றுயிரின் குஞ்சுகள் குளிர்காலத்தில் கடல் பனியின் அடிப்பக்கத்தில் படியும் பாசியைச் சுரண்டித் தின்று பிழைக்கின்றன. பனி குறைந்தால் அந்த மேய்ச்சல் குறையும். திமிங்கிலம், சீல், பெங்குவின் எல்லாம் கிரிலை நம்பி இருக்கின்றன.

வடதுருவத்தின் கதை வேறு. 1979 முதல் அது உலகச் சராசரியைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடேறியிருக்கிறது. எனக்கு மறக்காமல் நிற்பது ரெட் நாட் என்ற உள்ளான் வகைப் பறவை. சைபீரியத் துந்திராவில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு மேற்கு ஆப்பிரிக்காவின் மவுரித்தேனியக் கடற்கரைக்குப் போகும். துந்திராவில் பனி சீக்கிரம் உருகினால் பூச்சிகளும் சீக்கிரம் வந்துபோய்விடும். குஞ்சு பொரிக்கும்போது தீனி குறைவு. குறைவாகத் தின்று வளர்ந்த குஞ்சுக்கு உடம்பும் சிறியது, அலகும் குட்டை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்துபோய் ஆப்பிரிக்கச் சேற்றில் அலகை நுழைத்தால் ஆழத்தில் புதைந்திருக்கும் சிப்பி எட்டாது. கடற்புல்லின் வேரைத் தின்று பார்க்கும், அது போதாது. வடக்கே உருகிய பனிக்குத் தெற்கே பட்டினி. முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட செயற்கைக்கோள் படங்களையும், அலகை ஒவ்வொன்றாக அளந்த அளவுகளையும் சேர்த்துப் பார்த்துத்தான் 2016இல் இதைச் சொன்னார்கள். யாரோ பொறுமையாக அளந்து எழுதிவைத்திருந்தார்கள்.

"இதற்கெல்லாம் யார் சம்பளம் கொடுப்பார்கள்?" என்று பெரியப்பா கேட்பார், நியாயமான கேள்வி. அண்டார்க்டிகாவைச் சுற்றி எவ்வளவு கிரில் பிடிக்கலாம் என்று வரம்பு போடுவது 1982 முதல் இயங்கும் ஒரு பன்னாட்டு ஆணையம். அதற்கு எண்ணிக்கை வேண்டும். ஆர்க்டிக் பெருங்கடலின் நடுப்பகுதியில் வணிக மீன்பிடிப்பு இப்போதைக்கு வேண்டாம், முதலில் ஆய்வு நடக்கட்டும் என்று 2018இல் ஒப்பந்தமாகி 2021இல் நடைமுறைக்கு வந்தது. பதினாறு ஆண்டுத் தடை. அந்த ஆய்வைச் செய்ய ஆள் வேண்டும். இந்தியாவுக்கே அண்டார்க்டிகாவில் மைத்ரி, பாரதி நிலையங்களும், ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் ஹிமாத்ரியும் இருக்கின்றன. ஐந்தாவது பன்னாட்டுத் துருவ ஆண்டு 2032-33இல் என்று திட்டமிட்டிருக்கிறார்கள். அப்போது உங்கள் மகள் ஆய்வு மாணவியாக இருக்கும் வயது.

ஆனாலும் மறைக்கக்கூடாது: துருவம் என்று பெயர் போட்ட வேலைகள் குறைவு. பெரும்பாலும் இரண்டு மூன்று வருட ஒப்பந்தம், நாடு விட்டு நாடு மாற்றம். அதனால்தான் "துருவ அறிவியல்", "காலநிலை மாற்றம்" என்று பளபளப்பாகப் பெயர் சூட்டிப் பெரும் கட்டணம் கேட்கும் இளநிலைப் படிப்பு எதிலும் சேர்க்காதீர்கள் என்கிறேன். இளநிலையில் அவள் படிக்கவேண்டியது உயிரியல் அல்லது புள்ளியியல், எது முதன்மையோ மற்றது துணையாக. கட்டணம் குறைந்த அரசுக் கல்லூரி போதும். டேஞ்சர் தீவுகளின் கறையைக் கவனித்தவர்களில் ஒருவரான ஹெதர் லிஞ்ச் முதலில் படித்தது இயற்பியல். அடித்தளம் அகலமாக இருந்தால் எந்தப் பக்கமும் திரும்பலாம். பெங்குவின் கறையை அளக்கும் கணக்கு காட்டையும் அளக்கும், பயிரையும் அளக்கும், வெள்ளம் புகுந்த நிலத்தையும் அளக்கும். துருவத்தில் இடம் கிடைக்காவிட்டாலும் அவள் கையில் தொழில் இருக்கும்.

கூடவே ஆர், பைத்தான் என்ற இரண்டு நிரல்மொழிகள், கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள். மூன்றும் இலவசம். சென்டினல் படங்கள் இலவசம், லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் இலவசம். இந்த விடுமுறையிலேயே ஏதாவது ஒரு பெங்குவின் கூட்டத்தின் ஐந்து ஆண்டுப் படங்களை இறக்கி, கறையின் ஓரத்தைக் கோடு வரைந்து, பரப்பை அட்டவணையாக்கச் சொல்லுங்கள். சலிக்காமல் செய்துமுடித்தால் ஆசை உண்மை. பாதியில் விட்டாலும் நல்லதுதான், ஒரு பைசா செலவில்லாமல் தெரிந்துகொண்டீர்கள்.

பணத்தில் இன்னும் இரண்டு விஷயம், இவற்றில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். மாணவர்களைக் கப்பலில் ஏற்றி அண்டார்க்டிகாவைக் காட்டிக் கூட்டிவரும் கட்டணப் பயணங்களுக்கு விளம்பரம் வரும், சான்றிதழும் தருவார்கள். வேண்டாம். ஆய்வுக்காகப் போகிறவர்களை அவர்கள் பணிபுரியும் திட்டமே அனுப்பிவைக்கும். அடுத்தது, முனைவர் பட்டத்துக்குக் கைக்காசு போடாதீர்கள். அறிவியலில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தால் போகட்டும், கிடைக்காவிட்டால் ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு மறுபடி முயலட்டும்.

"பொம்பளப் பிள்ளை தனியாகப் பனியில் என்ன செய்வாள்" என்று அத்தை கேட்டதாக எழுதியிருந்தீர்கள். இந்த வேலையின் பெரும்பகுதி மேசையில்தான் நடக்கிறது. ஒருநாள் கப்பல் ஏறும் வாய்ப்பு வந்தால், அப்போது அவள் இருபத்தைந்து வயதுப் பெண். போவதா வேண்டாமா என்று அவளே சொல்வாள்.

விண்ணப்பக் கடைசித் தேதிக்கு முன்னால் அவளை அழைத்துக்கொண்டு நீங்களும் அவள் அப்பாவும் வாருங்கள். பெரியப்பாவை அடுத்த முறை சந்திக்கிறேன். அந்த நோட்டையும் எடுத்துவரச் சொல்லுங்கள். அந்தச் சாம்பல் நிறம் குஞ்சா நிழலா என்று அவள் கடைசியில் என்ன முடிவு செய்தாள் என்று நான் கேட்கவேண்டும்.