கணவரின் மும்பை நேர்காணலுக்கு எந்தெந்தத் தாள்கள் வேண்டும்?

அன்புள்ள தங்கைக்கு,

நர்ஸ் வேலைக்காக அமெரிக்கா வந்து கிரீன் கார்டு பெற்ற பிறகு, விடுப்பில் ஊருக்குச் சென்று பழனியில் திருமணம் செய்துகொண்டதாகவும், கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் கணவருக்கு மும்பை அமெரிக்கத் துணைத் தூதரகத்திலிருந்து நேர்காணல் அழைப்பு வரவிருப்பதாகவும், அவர் என்னென்ன ஆவணங்களைக் கொண்டுபோக வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். அவர் பிறந்தது பொள்ளாச்சி மருத்துவமனையில், படித்தது கேரளத்தில், சில ஆண்டுகள் வேலை பார்த்தது ஷார்ஜாவில் என்றும், அவருடைய பெயர் தாளுக்குத் தாள் வேறுபடுகிறது என்றும் எழுதியிருப்பதால், பொதுவான பட்டியலோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. நான் வேலந்தாவளத்துக்காரி. தமிழ்நாடு-கேரள எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியும் கல்யாண மண்டபமுமாக வாழ்கிற நம் ஊர்க்காரர்களுக்குத் தாள்களைச் சேர்ப்பதைவிட, அவை எல்லாம் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று காட்டுவதே பெரிய வேலை.

முதலில் பிறப்புச் சான்றிதழ். 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி பிறப்பு எங்கே நிகழ்ந்ததோ அங்கேதான் பதிவாகும். பெற்றோரின் வீடு எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பது பொருட்டில்லை. ஆகவே உங்கள் கணவரின் சான்றிதழைக் கொழிஞ்சாம்பாறைப் பஞ்சாயத்தில் தேடிப் பயனில்லை, பொள்ளாச்சி நகராட்சியில்தான் கேட்க வேண்டும். அதில் அவருடைய பெயர், பிறந்த தேதி, பிறந்த இடம், தாய் தந்தை இருவரின் பெயர் ஆகிய அனைத்தும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய பதிவுகளில் குழந்தையின் பெயர் எழுதும் இடம் வெறுமையாக இருப்பது நம் பக்கத்தில் சர்வ சாதாரணம், அப்படி இருந்தால் பெயரைச் சேர்த்துப் புதிய பிரதி வாங்கியாக வேண்டும். பதிவே இல்லை என்றால், பதிவு இல்லை என்ற சான்றை அதே அலுவலகத்தில் பெற்று, எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தையும், பிறப்பை நேரில் அறிந்த பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினரின் உறுதிமொழிப் பத்திரத்தையும் சேர்த்துக் கொடுக்கலாம்.

இனி, நீங்கள் கவலைப்பட்டு எழுதிய பெயர்ச் சிக்கல். தமிழ்நாட்டுத் தாள்களில் தலைப்பெழுத்து பெயருக்கு முன்னால் நிற்கும், கேரளப் பள்ளிச் சான்றுகளில் பெரும்பாலும் பின்னால் வரும், பாஸ்போர்ட்டிலோ அது தந்தையின் முழுப் பெயராக விரிந்து குடும்பப்பெயர் என்ற இடத்தில் உட்கார்ந்துவிடும். பழனிச்சாமி என்று ஒருவர் இருந்தால், பொள்ளாச்சி எழுத்தர் ஆங்கிலத்தில் எழுதிய விதம் ஒன்றாகவும், மலையாளம் வழியாக ஆங்கிலத்துக்குப் போன விதம் வேறாகவும் இருக்கும். விசா பாஸ்போர்ட்டில் உள்ள பெயரிலேயே அச்சாகும் என்பதால் அதையே அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். குடியேற்ற விசாவுக்கான இணையவழி விண்ணப்பமாகிய டிஎஸ்-260 படிவத்தில் வேறு பெயர்கள் வழங்கியதுண்டா என்று கேட்கும் இடத்தில், மற்றத் தாள்களில் உள்ள எல்லா வடிவங்களையும் மறைக்காமல் குறிப்பிட வேண்டும். அதோடு, இந்த இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று கேரள வில்லேஜ் ஆபீசர் தரும் ஒன் அண்ட் சேம் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஓரெழுத்து வேறுபாட்டுக்காக அதிகாரிகள் பொதுவாக விசாவை மறுப்பதில்லை. ஆனால் தந்தை பெயரோ பிறந்த தேதியோ மாறுபட்டால் கேள்வி எழும், அதற்கு வாய்மொழி விளக்கம் போதாது. பிறந்த தேதியில் வேறுபாடு இருந்தால் விளக்கக் கடிதத்தை நம்பாமல் தாளையே திருத்துங்கள்.

திருமணத்துக்குக் கோயில் ரசீதும் அழைப்பிதழும் துணைச் சான்றுகள் மட்டுமே. திருமணம் பழனியில் நடந்ததால், சார்பதிவாளர் அலுவலகம் தந்த பதிவுச் சான்றின் அசல்தான் முதன்மையானது. கணவரை அழைத்துக்கொள்ள நீங்கள் கொடுத்த ஐ-130 மனுவோடு அனுப்பியது அதன் நகல், நேர்காணல் அன்று அவர் கையில் அசல் இருக்க வேண்டும்.

காவல்துறைச் சான்றில் பலர் தடுமாறுகிறார்கள். இந்தியாவுக்கான பி.சி.சி.யை, அதாவது குற்ற வழக்கு இல்லை என்ற காவல்துறைச் சான்றை, பாஸ்போர்ட் அலுவலகம் வழியாகவே பெற வேண்டும், உள்ளூர்க் காவல் நிலையம் எழுதித் தரும் கடிதம் செல்லாது. 16 வயதுக்குப் பிறகு வேறு எந்த நாட்டிலாவது 12 மாதங்களோ அதற்கு மேலோ வசித்திருந்தால் அந்த நாட்டின் சான்றும் தேவை என்பதால், ஷார்ஜாவில் இருந்த காலத்துக்கு ஐக்கிய அரபு அமீரகத்தின் சான்றை அவர் கட்டாயம் பெற வேண்டும். வளைகுடாவிலிருந்து திரும்பி வந்தவர்களுக்கு நாள் பிடிப்பது பெரும்பாலும் இந்த ஒரு தாள்தான், ஆகவே மற்றவற்றுக்கு முன்பாக இதைத் தொடங்கச் சொல்லுங்கள். அமீரக அடையாள அட்டையான பழைய எமிரேட்ஸ் ஐடியின் நகலும் விசா முத்திரை உள்ள பழைய பாஸ்போர்ட்டும் இருந்தால் எடுத்து வைக்கட்டும்.

மலையாளத்திலோ தமிழிலோ உள்ள தாள்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வையுங்கள். தமக்கு இரு மொழியும் தெரியும் என்றும் மொழிபெயர்ப்பு சரியானது என்றும் மொழிபெயர்த்தவர் எழுதிக் கையெழுத்திட்டிருக்க வேண்டும். உங்கள் கணவரே அதைச் செய்ய வேண்டாம்.

உங்கள் பங்குக்கு, கணவரைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்கும் ஐ-864 படிவம் இருக்கிறது. உங்கள் குடும்ப எண்ணிக்கைக்கு அமெரிக்க அரசு வகுத்த வறுமைக் கோட்டு வருமானத்தில் குறைந்தது 125 சதவீதம் உங்களுக்கு இருப்பதை அண்மை ஆண்டின் வருமான வரிப் பதிவும், ஆண்டுச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் டபிள்யூ-2 தாளும், மருத்துவமனை தரும் வேலைக் கடிதமும் காட்டும். வந்த முதல் ஆண்டில் சில மாதங்களே வேலை செய்து, அந்த ஆண்டின் வரிப் பதிவில் தொகை குறைவாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். இப்போதைய சம்பளச் சீட்டுகளைச் சேர்த்து அனுப்புங்கள், அப்போதும் போதாவிட்டால் இங்குள்ள ஒருவர் கூட்டுப் பொறுப்பாளராகக் கையெழுத்திடலாம்.

பாஸ்போர்ட், டிஎஸ்-260 உறுதிப்பக்கம், அழைப்புக் கடிதம், இரண்டு அங்குலச் சதுரப் புகைப்படங்கள் ஆகியவற்றை நீங்களே அறிவீர்கள். மருத்துவப் பரிசோதனையைத் தூதரகம் நியமித்த மருத்துவரிடம் மட்டுமே செய்துகொள்ள வேண்டும், கையில் உள்ள தடுப்பூசிப் பதிவுகளை அவர் உடன் கொண்டுபோகட்டும்.

பெற்றோர் பார்த்து முடித்த திருமணம், மணமான சில வாரங்களிலேயே நீங்கள் திரும்பிவிட்டீர்கள். ஆகவே உறவு உண்மையானது என்பதற்கு அதிகாரி சான்று கேட்பது இயல்பு. அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முகூர்த்தப் படங்களைவிட, இரு குடும்பத்தாரும் சேர்ந்து நிற்கும் சாதாரணப் படங்கள், நீங்கள் அனுப்பிய பணத்தின் வங்கிப் பதிவு, பேசிய அழைப்புகளின் விவரம், சேர்ந்து பயணித்த சீட்டுகள் ஆகியவை அதிகம் உதவும். உங்கள் வேலை, பணி நேரம், வசிக்கும் ஊர் ஆகியவற்றை அவர் தாமாகவே சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

ஏதேனும் ஒரு தாள் குறைந்தால் அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 221(ஜி) என்ற பிரிவின் கீழ் ஒரு சீட்டுத் தருவார்கள். அது இறுதி மறுப்பன்று. கேட்டதை ஓராண்டுக்குள் கொடுத்துவிட்டால் வழக்கு தொடரும். ஆனால் அந்தச் சீட்டோடு ஊர் திரும்பி, ஷார்ஜாவுக்கு மறுபடி விண்ணப்பித்துக் காத்திருக்கும் மாதங்களை உங்கள் இருவருக்கும் நான் விரும்பவில்லை. அவருடைய பொள்ளாச்சிச் சான்றில் தாய் தந்தை பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள், பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டு எதைத் திருத்த வேண்டும் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா