ஏணி மறைத்த பைன் மரம்

வணக்கம். நான் ஒசாகாவில் வேலை பார்க்கிறேன். ஏப்ரலில் செர்ரி பூத்தபோது கனசாவாவின் கென்ரோகுவென் தோட்டத்துக்குப் போனேன். சொர்க்கம். நவம்பர் தொடக்கத்தில், ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். குளத்தங்கரைப் பெரிய பைன் மரம் முழுக்க ஏணியும் கயிறும் ஆட்களும். ஒரு படம்கூட உருப்படியாக எடுக்க முடியவில்லை. அம்மா வேறு, “நம்ம வாழைக்கு முட்டுக் கொடுக்கிற மாதிரி இருக்கே” என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அரைநாள் வீண். 350 வருடமாக மாறாத இந்த ஜென் தோட்டத்தை எந்தப் பருவத்தில் பார்ப்பது சரி? பிப்ரவரியில் போகலாமா?
கே.

அன்புள்ள கே.,

கடிதத்தைப் படித்ததும் உங்களுக்கு அல்ல, உங்கள் அம்மாவுக்குத்தான் பதில் எழுதத் தோன்றியது. தோட்டங்களைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருந்ததை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

சில்லறை விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். அது ஜென் தோட்டம் இல்லை. காகா பகுதியை ஆண்ட மாயேதா பிரபுக்கள் உலாவவும் விருந்து வைக்கவும் அமைத்துக்கொண்ட இடம். மாறாததும் இல்லை. 1759 தீயில் எரிந்து, பிறகு மறுபடி எழுந்தது. நீங்கள் படமெடுக்கப்போன கசுமிகா குளம் 13ஆம் பிரபு நரியாசு காலத்தில் பெரிதாக்கப்பட்டது. பொதுமக்களை உள்ளே விட்டது 1874இல்தான். ஜப்பானில் கல்லும் மரமும் கண்ணில் பட்டால் உடனே ஜென் என்று எழுதிவிடும் பழக்கத்தை நாம் விட்டுவிடலாம்.

இப்போது அந்த ஏணிக்கு வருகிறேன். நீங்கள் எரிச்சலோடு பார்த்த வேலைக்கு யுகித்சூரி என்று பெயர், பனியின் பாரத்தில் கிளை ஒடியாமல் கயிற்றால் தாங்கிக் கட்டுவது. ஒவ்வொரு வருடமும் நவம்பர் 1 அன்று நீங்கள் பார்த்த அந்தக் குளத்தங்கரைக் காரசாகி பைனில்தான் தொடங்குவார்கள். மற்ற மரங்களையும் கட்டி முடிக்க டிசம்பர் பாதி ஆகிவிடும். சைபீரியாவிலிருந்து கிளம்பும் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கனசாவா இருக்கும் கரையில் கொட்டுகிறது. உதறினால் போகிற பொடிப்பனி அல்ல அது. ஈரம் ஊறிய, கனத்த பனி. ஊசியிலைகளில் ஒட்டிக்கொண்டால் லேசில் நகராது.

அந்த மரமும் தன் இஷ்டத்துக்கு வளர்ந்ததில்லை. பீவா ஏரிக்கரைக் காரசாகியிலிருந்து விதை கொண்டுவந்து நரியாசு வளர்த்தது. தண்ணீருக்கு மேல் கிளை நீளவேண்டும் என்பது மனிதர்களின் ஆசை. வெட்டியும் வளைத்தும் தலைமுறை தலைமுறையாக அப்படி நீட்டிவைத்துவிட்டு, பனி விழும்போது ‘இயற்கை பார்த்துக்கொள்ளும்’ என்று போய்விட முடியுமா? அதனால்தான் ஐந்து கம்பங்கள், உயரமானது சுமார் 16 மீட்டர். அவற்றின் உச்சியிலிருந்து ஏறக்குறைய 800 வைக்கோல் புரிகள். மேலே இருப்பவர் புரியை வீசுகிறார், கீழே இருப்பவர் கிளையோடு சேர்த்துப் பிடித்து, இழுத்துப் பார்த்து முடிச்சுப் போடுகிறார். அந்த முடிச்சு ஒவ்வொன்றையும் உங்கள் அம்மா பார்த்திருக்கிறார். நீங்கள் அதை அரைநாள் வீண் என்கிறீர்கள்! அதே மரத்துக்கு அடியில் மரக்கால்கள் முட்டுக் கொடுத்து நிற்பதும் அவர் கண்ணுக்குத் தப்பியிருக்காது. உங்களுக்கு?

தோக்கியோவின் பழைய தோட்டங்களிலும் இப்படிக் கட்டுகிறார்கள். அங்கே அவ்வளவு பனி கிடையாது, பெரும்பாலும் அழகுக்குத்தான். படம் வேண்டுமென்றால் அங்கே போங்கள், யாரும் குறுக்கே வரமாட்டார்கள்.

நான் ஒருமுறை ஜூன் மழையில் கென்ரோகுவெனில் மாட்டிக்கொண்டேன். பூ எதுவும் கண்ணில் படவில்லை, கூட்டமும் இல்லை. அகலத் தொப்பி போட்ட வயதான பெண்கள் சிலர் பாசித்தரையில் குந்தி உட்கார்ந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பாசியை இரண்டு விரலால் விலக்கி, நூலளவு புல்லை வேரோடு உருவி, தூக்கிக்கொண்ட பாசியை உள்ளங்கையால் தட்டி அமர்த்தினார். அப்புறம் பக்கத்தில் அடுத்த புல். குடைக்குள் நின்று பார்த்த எனக்குக் கால் மரத்துப்போனது. அவர் ஒரு முழம்தான் நகர்ந்திருந்தார். இலையுதிர் காலத்துச் சிவப்பைப் பற்றி ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். இந்தப் பெண்களைப் பற்றி எழுத ஆள் இல்லை.

நீங்கள் கொண்டாடும் செர்ரியும் இந்தக் கணக்கில்தான் வரும். ஏப்ரல் கடைசியில் அங்கே கிகுசாகுரா என்ற செர்ரி பூக்கும், ஒரு பூவுக்கு 300க்கும் மேல் இதழ். அதன் மூல மரம் 1970இல் பட்டுப்போனது. அது சாவதற்குள் யாரோ ஒட்டுக்கட்டி வாரிசை உண்டாக்கி வைத்ததால்தான் இன்றைக்கும் அந்தப் பூ இருக்கிறது. தண்ணீரும் அப்படியே. சாய் ஆற்றிலிருந்து தோட்டத்துக்கு வரும் தத்சுமி கால்வாய் 1632இல் வெட்டியது. அங்கிருக்கும் பழைய நீரூற்றுக்கு மோட்டார் கிடையாது. மேலே இருக்கும் கசுமிகா குளத்தின் அழுத்தத்தில்தான் அது பீச்சுகிறது, குளத்து மட்டம் இறங்கினால் இதுவும் இறங்கும். உங்கள் படத்தில் இதெல்லாம் தெரியாதுதான். அதற்குத் தோட்டம் என்ன செய்யும்?

சரி, பிப்ரவரியைக் கேட்டிருந்தீர்கள். போங்கள், பிடிப்புள்ள காலணி போட்டுக்கொள்ளுங்கள். கயிறுகள் எதற்கு என்பது அப்போது விளங்கும், யாரும் சொல்லவேண்டியதில்லை. அம்மா மார்ச் வரை இருப்பாரா? 15ஆம் தேதி வாக்கில் கட்டியதையெல்லாம் அவிழ்க்கத் தொடங்குவார்கள். அவரைத் தவறாமல் கூட்டிப்போங்கள். அவராக எழுந்திருக்கும்வரை அவசரப்படுத்தாதீர்கள்.