மான் ரேயின் தூரிகை

கேள்வி: அமெரிக்கக் கலைஞர் மான் ரேயின் புகழுக்குக் காரணம் அவருடைய புகைப்படங்கள். ஓவியம் அவருக்கு வெறும் பொழுதுபோக்கு. அதற்குப் போய் உங்கள் இதழ் பக்கங்களை ஒதுக்குவானேன்?

பதில்: நடந்தது நேர்மாறு. ஃபிலடெல்ஃபியாவில் 1890இல் பிறந்த மான் ரே கேமரா வாங்கியதே தம் ஓவியங்களைப் படமெடுத்து வைத்துக்கொள்வதற்காகத்தான். 1921இல் பாரிஸுக்குக் குடிபெயர்ந்து, அந்த டிசம்பரிலேயே அங்கு வைத்த ஓவியக் கண்காட்சியில் எதுவும் விலைபோகாத நிலையில், பிரமுகர்களின் உருவப்படங்களும் ஃபேஷன் படங்களும் எடுத்துப் பிழைக்கலானார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1917 முதல் சில ஆண்டுகள், விளம்பரக்காரர்கள் பயன்படுத்தும் ஏர்பிரஷ் கருவியைக் கையிலெடுத்து, வெட்டிய அட்டைகளையும் பொருள்களையும் பரப்பின்மீது வைத்து, அவற்றைச் சுற்றி வண்ணத்தைத் தெளித்து ஓவியம் தீட்டினார். 1922இல் அவர் செய்யத் தொடங்கிய, கேமராவே இல்லாத ‘ரேயோகிராஃப்’ படங்களில் ஒளியுணர் தாளின்மீது பொருள்களை வைத்து வெளிச்சத்தை விழச்செய்தார். வண்ணம் இருந்த இடத்தில் ஒளி வந்தது, முறை ஒன்றேதான். நீங்கள் போற்றும் புகைப்படக்காரரின் புதுமை, நீங்கள் ஒதுக்கும் ஓவியரிடமிருந்து வந்தது என்றே நான் கருதுகிறேன்.

அவர் ஓவியங்கள் எல்லாமே உயர்ந்தவை என வாதிடமாட்டேன். பொருள்களை வடிவியல் துண்டுகளாக உடைத்துக் காட்டும் க்யூபிச பாணியில் அவர் செய்த தொடக்ககால முயற்சிகள் சிலவற்றில் பிறர் சாயல் அப்பட்டமாகத் தெரிகிறது. ஆனால், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ள, கயிற்றின்மீது ஆடும் பெண்ணையும் அவள் நிழல்களையும் காட்டும் 1916ஆம் ஆண்டு ஓவியம் யாருடைய சாயலுமற்றது. நடனக்காரியின் உருவங்களை வண்ணத்தாள்களில் வெட்டியெடுத்து, அவற்றில் நிறைவு காணாமல், தரையில் கிடந்த வெட்டுத்துண்டுகளின் வடிவங்களையே பெரும் நிழல்களாகத் தீட்டிவிட்டார். கணிதச் சமன்பாடுகளுக்கு வடிவம் கொடுத்துச் செய்த மாதிரியுருக்களைப் பாரிஸில் 1930களில் படமெடுத்தவர், பின்னர் ஹாலிவுட்டில் வாழ்ந்தபோது அந்தப் படங்களை வைத்து ஷேக்ஸ்பியர் நாடகப் பெயர்களில் ஒரு வரிசை ஓவியங்களே படைத்தார்.

அளவு காரணமாகவும் அவர் ஓவியங்கள் கவனம் பெறாமல் போகின்றன. புகைப்படம் புத்தகத்தில் அச்சானாலும் பெரும்பாலும் தன் தன்மையை இழப்பதில்லை. வானத்தில் சிவந்த உதடுகள் மிதக்கும் அவருடைய ஓவியமோ இரண்டரை மீட்டர் அகலம் கொண்டது. படுக்கைக்கு மேலே மாட்டிவைத்து ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் உழைத்து 1934இல் முடித்தார். அதை உள்ளங்கையளவு அச்சுப்படத்தில் பார்த்துவிட்டுப் பொழுதுபோக்கு என்று தீர்ப்பளிக்கலாமா? வேடிக்கை என்னவென்றால், அந்த ஓவியத்தையே அவர் ஃபேஷன் படம் ஒன்றுக்குப் பின்னணியாகவும் பயன்படுத்த வேண்டியிருந்தது.