தேசிய சேவைக் காலத்திலும் வழிகாட்டியின் தொடர்பு விட்டுப்போகாமலிருக்க

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு வணக்கம்.

பலதுறைத் தொழிற்கல்லூரியின் இறுதியாண்டில் உங்கள் மகனுக்கு வேலையிடப் பயிற்சியின்போது வழிகாட்டிய பொறியாளர் லண்டனுக்கு மாற்றலாகிவிட்டார் என்றும், மகனும் அடுத்த மாதம் சிங்கப்பூரில் இளைஞர்கள் ராணுவம் போன்ற படைகளில் கட்டாயமாக ஆற்றும் தேசிய சேவையில் சேரவிருப்பதால் இரண்டு ஆண்டுகளில் அந்த நல்ல தொடர்பு அறுந்துபோகுமோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். நான் பார்த்தவரையில் இத்தகைய தொடர்புகளைப் பெரும்பாலும் கெடுப்பது கூச்சம்தான். பெரியவருக்கு வேலை இருக்கும், தொந்தரவு செய்யக்கூடாது என்று தயங்கியே ஆறு மாதம் கழிந்துவிடும்; அதன்பின் இத்தனை நாள் பேசாதவன் எந்த முகத்தோடு எழுதுவது என்ற வெட்கமும் சேர்ந்துகொள்ளும்.

ஒரே அலுவலகத்தில் இருந்தபோது, மதிய உணவுக்கு உணவங்காடி நிலையத்துக்கு நடந்துபோகும் பத்து நிமிடத்திலேயே பல ஐயங்கள் தீர்ந்திருக்கும். இனி அந்த வாய்ப்பைத் திட்டமிட்டுத்தான் உண்டாக்க வேண்டும். அந்தப் பொறுப்பு மகனுடையது. சேவையில் சேரும் தேதியையும், தொடக்க வாரங்களில் பதில் தாமதமாகலாம் என்பதையும் முன்கூட்டியே தெரிவித்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம் காணொளியில் பேச இயலுமா என்று கேட்கட்டும். முகாமிலிருந்து வீடு திரும்பும் வார இறுதி மகனுக்கு வசதி என்றாலும், பொறியாளருக்கும் அது ஓய்வு நாள் என்பதால் நேரத்தை அவரே தேர்ந்தெடுக்க விடுவது மரியாதை. லண்டன் நேரம் கோடையில் நமக்கு ஏழு மணி நேரமும் குளிர்காலத்தில் எட்டு மணி நேரமும் பின்தங்கியிருக்கும்; மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கடிகாரத்தை மாற்றுகிறார்கள், இங்கே மாற்றுவதில்லை. இதைக் கவனிக்காவிட்டால் ஏப்ரல் மாதச் சந்திப்புக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போய் நிற்க நேரிடும்.

என்ன எழுதுவது என்பதில்தான் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிறார்கள். "நலமாக இருக்கிறீர்களா?" என்ற ஒற்றை வரிக்குப் பதில் சொல்ல அவருக்கு ஒன்றுமில்லை, பலருக்கும் ஒன்றாக அனுப்பும் தீபாவளி வாழ்த்துப் படத்தையோ கணக்கிலேயே சேர்க்க முடியாது. முன்பு அவர் சொன்ன அறிவுரையைப் பின்பற்றியதால் என்ன ஆயிற்று, பின்பற்றாவிட்டால் ஏன் பின்பற்றவில்லை என்பதை நான்கு வரியில் எழுதி, இறுதியில் ஐந்து நிமிடத்தில் பதிலளிக்கக்கூடிய ஒரே ஒரு கேள்வியைக் கேட்பது நல்லது. தம் சொல் எங்கே போய்ச் சேர்ந்தது என்று அறிய விரும்பாத வழிகாட்டி அரிது. முகாமில் நடப்பவற்றை விவரிக்க வேண்டாம். படங்கள் கூடவே கூடாது.

சேவையில் இருக்கும்போதே பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்பதால், பரிந்துரைக் கடிதம் தேவைப்படலாம். குறைந்தது மூன்று வாரம் முன்னதாக, தம் தன்விவரக் குறிப்பையும் பயிற்சியில் செய்த பணிகளின் சுருக்கத்தையும் இணைத்து, இயலாது என்றால் தயங்காமல் சொல்லலாம் என்றும் மகன் எழுத வேண்டும். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டினால் போதும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பெற்றோர் சிலர் பொறியாளரின் எண்ணை வாங்கித் தாமே வாட்ஸ்அப்பில் நன்றி சொல்லத் தொடங்கி, மெல்ல விசாரிக்கவும் செய்கிறார்கள். அன்று முதல் பிள்ளை மனம்விட்டுப் பேசுவது குறைந்துவிடும். முதல் மின்னஞ்சலை மகனே இந்த வாரம் எழுதட்டும். அனுப்புமுன் காட்டச் சொல்லிக் கேட்காதீர்கள்.