மூன்று அணி மாறிவிட்டான் தம்பி, கவலைப்படலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 22 வயது. மத்தியத் திடல் ஆட்டக்காரன். பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்ததிலிருந்து காற்பந்துதான். நான்கு வருடத்தில் மூன்று அணி மாறிவிட்டான். முதல் அணியில் பயிற்றுநர் மாறியதும் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். இரண்டாவது அணியையே கலைத்துவிட்டார்கள். மூன்றாவதில் சம்பளப் பாக்கி. இப்போது கிழக்குக் கரையில் ஓர் அணி ஒரு பருவத்துக்குக் கூப்பிடுகிறது. அப்பா செம்பனைத் தோட்டத்தில் 32 வருடம் ஒரே இடத்தில் வேலை செய்தவர். "கால் ஓரிடத்தில் நிலைக்காதவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? ஷா ஆலாமில் ஃபேக்டரி வேலைக்குப் போகச் சொல்" என்கிறார். தம்பி அப்பாவோடு பேசுவதையே நிறுத்திவிட்டான். நான் யார் பக்கம் பேசுவது?
– பெயர் வேண்டாம், பத்தாங் பெர்ஜுந்தை

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

மூன்று அணியை விட்டும் தம்பி ஏன் வந்தார் என்று நீங்களே தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். அதைத் திரும்பப் படித்துப் பாருங்கள். சோம்பல், சண்டை, ஒழுங்கீனம் என்று ஒரு காரணமும் அதில் இல்லை. எத்தனை அணி என்று அப்பா எண்ணுகிறார். ஏன் மாறினான் என்று அவர் கேட்டிருந்தால் இந்தக் கோபம் பாதியாகக் குறைந்திருக்கும்.

மத்தியத் திடலில் ஆடுபவருக்கு இந்த அலைச்சல் கொஞ்சம் அதிகம். தாக்குதல் ஆட்டக்காரர் கோல் போட்டால் அது எந்த ஊரிலும் கோல்தான். நடுவில் ஆடுபவரின் ஆட்டமோ சுற்றி நிற்பவர்களையும் பயிற்றுநரின் திட்டத்தையும் பொறுத்தது. ஒருவர் தற்காப்புக்கு முன்னால் நின்று பந்தைப் பறிக்கச் சொல்வார். அடுத்து வருபவர் அதே பையனை முன்னேறி ஓடச் சொல்வார். ஓட முடியவில்லை என்றால் பெஞ்ச். நம் மலேசிய லீக்கில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கான இடங்களும் கூடிக்கொண்டே வருகின்றன. கோல் போட ஒருவரைக் கொண்டுவந்த பிறகு, பல அணிகள் அடுத்து ஆள் தேடுவது நடுத்திடலுக்குத்தான். உள்ளூர்ப் பையன் வேறு ஊர் பார்க்க வேண்டியதாகிறது.

பெரிய ஆட்டக்காரர்களுக்கே இது நடந்திருக்கிறது. அர்ஜென்டினாவின் ஹுவான் செபாஸ்டியன் வெரோனைத் தம்பிக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். 2000ஆம் ஆண்டு லாசியோ அணி இத்தாலிய லீக்கை வென்றபோது நடுத்திடல் அவர் கையில் இருந்தது. அடுத்த ஆண்டு மான்செஸ்டர் யுனைடெட் 2 கோடியே 81 லட்சம் பவுண்டுக்கு அவரை வாங்கியது. அங்கே ஆட்டம் எடுபடவில்லை. 2003இல் ஏறக்குறைய பாதி விலைக்கு செல்சிக்குப் போனார், அங்கிருந்து இரவலாக இண்டர் மிலானுக்கு. இவருடைய காலம் முடிந்தது என்று பேசினார்கள். 2006இல் தன் சொந்த அணியான எஸ்துதியாந்தேசுக்கே திரும்பினார். 2009இல், 34 வயதில், அந்த அணிக்குத் தலைமை தாங்கித் தென் அமெரிக்காவின் லிபர்தடோரெஸ் கிண்ணத்தை வென்றார். அவருடைய அப்பா அதே அணிக்காக 1960களின் கடைசியில் வென்ற கிண்ணம் அது! எனக்கு மிகவும் பிடித்த காற்பந்து வாழ்க்கை இதுதான். மான்செஸ்டரில் தடுமாறியவரும் அந்தக் கிண்ணத்தைத் தூக்கியவரும் ஒரே ஆள்தான். நெதர்லாந்தின் சீடோர்ஃப் இன்னொருவர். ஆயாக்ஸ், ரியல் மாட்ரிட், மிலான் என்று மூன்று வெவ்வேறு அணிகளோடு ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக் வென்றவர். மாறாமல் இருந்திருந்தால் அது நடந்திருக்காது.

தம்பி வெரோன் ஆகிவிடுவார் என்று நான் சொல்ல வரவில்லை. அணி மாறுவது அந்தத் தொழிலில் சாதாரணம் என்று அப்பாவுக்குச் சொல்லத்தான் இதெல்லாம். நம் இந்தியச் சமூகத்தின் மிஃபா அணியையே பாருங்கள். கீழ் லீக்கிலிருந்து ஏறி வந்து, பிஜே சிட்டி என்ற பெயரில் நாட்டின் முதல்நிலை லீக்கான சூப்பர் லீக் வரை ஆடியது. 2022 பருவத்தோடு லீக்கிலிருந்தே விலகிக்கொண்டது. அங்கே ஆடிய பிள்ளைகள் வேறு அணி தேடினார்கள் என்றால் அவர்கள் மேல் என்ன குற்றம்? தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றபோது வெளியேறிய குடும்பங்களை அப்பா பார்த்திருப்பார். அவர்களை நிலைக்காதவர்கள் என்று அவர் சொல்ல மாட்டார். கலைந்துபோன அணியின் ஆட்டக்காரரும் அப்படித்தான்.

சரி, நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டியது சம்பளப் பாக்கியைப் பற்றி. இதைத் தம்பி லேசாக எடுத்துக்கொள்கிறாரோ என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு மாதச் சம்பளம் நின்றால், எழுத்து மூலம் 15 நாள் அவகாசம் கொடுத்துவிட்டு, அப்போதும் வராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள ஆட்டக்காரருக்கு நியாயமான காரணம் உண்டு என்று ஃபீஃபா விதி சொல்கிறது. புதிய ஒப்பந்தத்தில் இப்படி ஒரு விதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். அடிபட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது, அந்த மாதங்களில் சம்பளம் உண்டா, தங்குமிடம் யார் பொறுப்பு, இதெல்லாம் வாய்ப்பேச்சாக இருக்கவே கூடாது.

அப்புறம் இபிஎஃப், அதாவது தொழிலாளர் சேமநிதி. மாதச் சம்பளம் 5,000 வெள்ளிக்குள் என்றால் தொழிலாளர் பங்கு 11 விழுக்காடு, முதலாளி பங்கு 13 விழுக்காடு. பிடித்த பணம் கட்டப்பட்டிருக்கிறதா என்று கைப்பேசியிலேயே பார்த்துவிடலாம். பழைய அணி கட்டியதா என்று இன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள். ஏஜெண்ட் யாராவது நடுவில் இருந்தால், ஃபீஃபா உரிமம் வைத்திருக்கிறாரா என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

படிப்பையும் விட்டுவிட வேண்டாம். உலகக் கிண்ணம் வென்ற காண்டே, பிரான்சின் கீழ் லீக்கில் ஆடிய காலத்தில் கணக்கியல் படித்தவர். ஒரு டிப்ளோமாவை மெதுவாக முடித்தாலும் போதும், கால் ஓய்ந்த பிறகு கை கொடுக்கும். பெண் கொடுப்பது பற்றிய பேச்சு இப்போதைக்கு எதற்கு? அவருக்கு 22 வயதுதானே.

யார் பக்கம் பேசுவது என்று கேட்டிருந்தீர்கள். இந்த ஒரு பருவத்துக்குத் தம்பி போகட்டும் என்பது என் கருத்து, ஆனால் ஒப்பந்தத்தை வீட்டில் வைத்துப் படித்த பிறகு. கையெழுத்து போடும் முன் அதை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். மலாயில் இருந்தால் நீங்கள் வரிவரியாக வாசித்து அப்பாவுக்குச் சொல்லுங்கள். 32 வருடம் சம்பளச் சீட்டைப் பார்த்து, பிடித்தம் சரியா என்று கணக்குப் போட்டவர் அவர். எங்கே ஏமாற்ற முடியும் என்று உங்கள் இருவரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் கேட்கும் கேள்விகளை ஒரு தாளில் எழுதி, ஆட்டக்காரர்களுக்கான சங்கமான பிஎஃப்ஏஎம்முக்குத் தம்பியே அனுப்பட்டும். தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்குச் சந்தா கட்டிய மனிதர் என்றால், பந்து விளையாடுபவர்களுக்கும் ஒரு சங்கம் இருக்கிறது என்பதே அப்பாவுக்குப் பெரிய தெம்பாக இருக்கும்.