வேலையை விட்டுவிட்டு ரேஸ் கார் பட்டறை தொடங்கலாமா?

கேள்வி: கோவையில் பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் பொறியாளராக இருக்கிறேன். ஆறு ஆண்டுகளாக விடுமுறை நாட்களில் செட்டிபாளையத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் பொழுதுபோக்காகக் கார் பந்தயம் ஓட்டிவருகிறேன். என் காரை நானே தயார்செய்வதைப் பார்த்து, நண்பர்கள் மூவர் தங்கள் கார்களையும் என்னிடம் விட்டிருக்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு இதையே தொழிலாக்கலாமா? பந்தயத்தையும் தொடர முடியுமா?
– கோவை வாசகர்

பதில்: தொழிலைத் தொடங்குங்கள், வேலையை மட்டும் இப்போதைக்கு விட்டுவிடாதீர்கள். பழைய ஆஸ்டின் செவன் காரைப் பிரித்து மாற்றியமைத்துப் பந்தயம் ஓட்டத் தொடங்கிய இங்கிலாந்தின் காலின் சேப்மன், பிற்பாடு தமக்கு மனைவியாகவிருந்த காதலி ஹேசலிடம் 25 பவுண்டு கடன் வாங்கி 1952-இல் லோட்டஸ் கார் நிறுவனத்தைத் தொடங்கியபோதும், 1954-ஆம் ஆண்டு இறுதிவரை அலுமினிய நிறுவனம் ஒன்றில் பொறியாளராகச் சம்பளம் வாங்கிக்கொண்டுதான் இருந்தார். உங்கள் ஊர்க்காரரான கரிவரதனும் பந்தய ஓட்டுநராக இருந்து கார் கட்டியவர்தான். மாருதி 800 எஞ்சினை வைத்து அவர் உருவாக்கிய ஃபார்முலா மாருதி கார், குறைந்த செலவில் பலரும் ஓட்டக்கூடியதாக இருந்தது. தாம் வெல்வதற்கு மட்டுமான கார் என்று அவர் நினைத்திருந்தால், அந்தப் பந்தய வகையே உருவாகியிருக்காது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதிலும் அதிலேயே இருக்கிறது. பந்தயத்துக்கு முந்தைய இரவு, வாடிக்கையாளரின் கியர்பாக்ஸும் உங்களுடையதும் ஒரே நேரத்தில் மக்கர் செய்தால் முதலில் எதைக் கழற்றுவீர்கள்? தயங்காமல் அவருடையதை என்று சொல்ல முடிந்தால் நீங்களும் ஓட்டலாம். முடியாதென்றால், முதல் இரண்டு ஆண்டுகளுக்காவது ஹெல்மெட்டை அலமாரியில் வைத்துவிடுங்கள். நீங்கள் ஜெயித்து அவர் தோற்றால், நல்ல பாகத்தை உங்கள் காருக்கு ஒதுக்கிக்கொண்டீர்கள் என்றுதான் பேச்சு எழும். அதில் நியாயம் இல்லாவிட்டாலும் பேச்சு பேச்சுதான்.

வேகத்தைக் கூட்டித் தருவதாக யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். கார் பாதுகாப்பாகவும் விதிகளுக்கு உட்பட்டும் கடைசிச் சுற்றுவரை ஓடுவதே உங்கள் பொறுப்பு. அந்தப் பொறுப்பு பெரும்பாலும் அலுப்பூட்டும் வேலைகளில்தான் இருக்கிறது: ஒவ்வொரு போல்ட்டையும் குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்சால் முடுக்கி, தளர்ந்தால் தெரியும்படி பெயிண்டால் கோடு போடுவது, காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கொதிநிலை குறைந்துவிடும் பிரேக் ஆயிலைப் பந்தயத்துக்கு முன் மாற்றுவது, ஓட்டுநரை இருக்கையில் உட்காரவைத்த பிறகே நான்கு சக்கரங்களின் மீதும் விழும் எடையை அளந்து சரிசெய்வது, எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று நோட்டில் குறிப்பது. பொறியாளரான உங்களுக்கு இவை கடினமில்லை. உங்களுக்குக் கடினமாக இருக்கப்போவது நண்பர்களிடம் பில் நீட்டுவது.

கூலி வேறு, பாகங்களின் விலை வேறு என்று பிரித்து எழுதுங்கள். பாகங்களுக்கு முன்பணம் வாங்காமல் ஆர்டர் கொடுக்காதீர்கள். வழக்கமான வாகனக் காப்பீடு பந்தயத்தில் ஏற்படும் சேதத்தை ஏற்காது என்பதால், கார் மோதினால் செலவு யாருடையது என்பதை முன்கூட்டியே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

இதுவரை அந்த மூன்று கார்களுக்கும் எத்தனை மணி நேரம் உழைத்தீர்கள் என்பதை இன்றிரவே நேர்மையாகக் கணக்கிட்டு, உங்கள் சம்பள விகிதத்தில் கூலி போட்டு அவர்களிடம் காட்டுங்கள். அதைப் பார்த்த பிறகும் எத்தனை பேர் காரை உங்களிடமே விட்டுவைக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு, ராஜினாமாவைப் பற்றி எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.